தறி ஓடாத நாளில் தாளிப்புத் தங்கம்

போன வாரம் வர்ஷினி போன் செய்தாள். நான் வேலையை விடுவதற்கு முந்தைய சில வருஷங்கள் எனக்கு உதவியாக இருந்த பெண். இப்போது சென்னையில் சினிமா, சீரியல் என்று தனியாகவே வேலை எடுக்கிறாள். தலை அலங்காரம், மேக்கப் இரண்டையும் அவளே செய்கிறாள். என் காலத்தில் அப்படி முடியாது. முக வேலை ஆண்களுக்கு, முடி வேலை பெண்களுக்கு என்று கோடு கிழித்து வைத்திருந்தார்கள். நான் கடைசி வரை ஹேர் டிரெஸ்ஸர்தான்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றாள். ஒரு காமெடி நடிகர் முதல் தடவையாக ஒரு கனமான வேடத்தில் நடிக்கிறாராம். ஆளை அடையாளமே தெரியாதபடி மாற்றிக் கொடு என்று டைரக்டர் கேட்கிறாராம். மொட்டை, ஒட்டுத் தாடி, கன்னத்தில் தழும்பு. "ஜனங்க பார்த்த உடனே சிரிச்சிட்டா படம் போச்சுன்னு பயப்படுறார். மாத்தத்தான் வேணுமா மேடம்?"

"மாத்திப் பாரு. அப்பவும் சிரிச்சாங்கன்னா எல்லாத்தையும் அழிச்சிரு" என்றேன்.

"அழிச்சிட்டா?"

அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. எனக்கே அது முழுதாக விளங்காத விஷயம். சிரிக்க வைக்கிறவர்கள் சில பேர், திடீரென்று ஒரு படத்தில் வந்து நம்மை உலுக்கிவிட்டுப் போகிறார்கள். பெரிய பெரிய அழுகை நடிகர்களால் முடியாதது இவர்களுக்கு எப்படி முடிகிறது? ரொம்ப வருஷமாக இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில்காரி. அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு கடை, நோட்டுப் புத்தகம், பேனா, பைபிள், காலண்டர் விற்கிற கடை. என் சித்தி கோடம்பாக்கத்தில் ஹேர் டிரெஸ்ஸராக இருந்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளோடு போனேன். சவுரியை அலசிக் காயப்போடுவது, விக்கை மரத்தலையில் மாட்டிச் சீவுவது, ஹேர்பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசுவது. முதல் சில வருஷங்கள் இவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் தனுஷ்கோடி மாஸ்டர், மேக்கப் சீஃப். அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் பெட்டியைத் திறந்ததும் ஸ்பாஞ்சுகளை ஈரத்துணி மேல் வரிசையாக வைப்பார். நடிகரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உடனே தொட மாட்டார். பின்னால் போய் நின்று, கண்ணாடிக்குள் தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "நேரா பார்த்தா எனக்குப் பழக்கமான ஆள் தெரியுறார். கண்ணாடியில பார்த்தாத்தான் அந்நிய ஆள் தெரியுறார்" என்று ஒரு தடவை விளக்கம் சொன்னார். பிறகு முன்னால் வந்து, தாடைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, "முகத்தைக் கொடுங்க" என்பார். அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது. நடிகர் பேசினால் திட்ட மாட்டார். கையைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, பேசி முடிக்கிற வரை அப்படியே நிற்பார். பெரிய ஹீரோக்கள்கூட அந்தக் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை பிடித்திருந்தால் பெட்டியை மெதுவாக மூடுவார், பிடிக்கவில்லை என்றால் சத்தமாக மூடுவார். அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

அவரிடம் வேலை பார்த்தபோதுதான் தங்கம் அக்கா பழக்கமானார். கழுகுமலைப் பக்கத்துக் கிராமம். நாடகக் கம்பெனியில் இருந்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். முதல் படத்தில் சமையல்காரி வேடம். எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டுத் தாளிக்கும்போது புகை ஏறித் தும்மல் வர வேண்டும். அக்காவுக்கு மூக்கு விடைக்கும், வாய் திறக்கும், கண் மேலே போகும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாம் தட்டைக் கையால் மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். தும்மல் வராது. அவர்கள் கையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வரும். தியேட்டரில் அடங்காத சிரிப்பு. அன்றிலிருந்து அவர் தாளிப்புத் தங்கம். அதற்கப்புறம் எந்தப் படத்துக்குப் போனாலும், "அக்கா, அந்தத் தும்மலை ஒரு இடத்துல வச்சிருவோம்" என்பார்கள். என் பங்குக்கு, உச்சந்தலையில் ஸ்பாஞ்சு உருண்டை வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை போட்டுவிடுவேன். மாஸ்டர் புருவத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வரைவார். அக்கா நடக்கும்போது கொண்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போகிற மாதிரி இருக்கும்.

சிரிக்க வைக்கிறவர்கள் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு சோகம் இருக்கும் என்று சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தங்கம் அக்காவிடம் வருஷக்கணக்கில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகச் சாப்பிடுவார், மத்தியானம் பத்து நிமிஷம் தூங்கச் சொன்னால் உடனே தூங்குவார், வீட்டுக்காரரோடு போனில் சந்தோஷமாகச் சண்டை போடுவார்.

அவருக்கு முன்னால் இன்னொருவரைப் பார்த்திருக்கிறேன். அப்போது கொடிகட்டிப் பறந்த காமெடி நடிகர். தனக்கும் அழத் தெரியும் என்று நிரூபிக்க ஆசைப்பட்டு ஒரு படத்தில் நடித்தார். காலையில் வந்து உட்காரும்போதே துக்க வீட்டிலிருந்து வருகிற மாதிரி முகத்தை வைத்திருப்பார். ஷாட்டுக்கு ஷாட் கிளிசரின் கேட்பார். படத்தைப் போட்டுக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. அங்கங்கே இருமிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும்போது வேனில் மாஸ்டர் சொன்னார்: "அவர் அழல. அழத் தெரியும்னு காட்டினார். அதை யார் கேட்டா?"

தங்கம் அக்காவைத் தேடி வந்த டைரக்டர் சின்ன வயசு. அது அவருக்கு முதல் படம். அதற்கு முன் எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தவர். ஒரு நாள் வேறொரு படத்தின் மேக்கப் ரூமுக்கு வந்து, அக்கா முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எடிட்டிங்கில் உங்க காமெடி சீனைச் சத்தமில்லாம ஓட்டிப் பார்த்திருக்கேன். சத்தமில்லாம பார்த்தா அது காமெடின்னே தெரியாது. யாரோ ஒரு பெண்ணுக்கு நிஜமாவே என்னவோ கஷ்டம்னுதான் தோணும். மத்தவங்க எல்லாம் சிரிப்பு வரப்போகுதுன்னு முகத்துலயே சொல்லிடுறாங்க. நீங்க சொல்லவே இல்ல" என்றார். பிறகு கதையைச் சொன்னார். விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். தறி ஷெட்டில் ஷாக் அடித்துப் புருஷன் செத்துப்போகிறான். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால்தான் செத்தான் என்று ஷெட் முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார். அவனுக்குக் குடிப் பழக்கமே கிடையாது. அதை ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டு அலைகிற மனைவியைப் பற்றித்தான் படம்.

அக்கா திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "தும்மல் எங்கன வருது தம்பி?" என்று கேட்டார்.

"தும்மல் இல்லம்மா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

டைரக்டர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "ஏட்டி ரூபி, எம்புட்டுப் படத்துல வந்திருக்கேன். ஒண்ணுலயாவது எனக்கு ஒரு வீடு இருந்திருக்கா? எங்கேர்ந்தோ வருதேன், விழுதேன், போறேன். நான் எங்க போறேன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. இவளுக்கு வீடு இருக்குட்டி. வாசல் இருக்கு, அடுப்பு இருக்கு."

தயாரிப்பாளருக்கு இதில் சம்மதமில்லை. அம்மா வேடங்களுக்குப் பேர்போன இன்னொரு நடிகையிடமும் பேசி வைத்திருந்தார். தங்கம் சரிப்படவில்லை என்றால் உடனே அந்தம்மாவை வரவழைப்பது என்பதுதான் ஏற்பாடு. இது அக்காவுக்கும் தெரியும்.

முதலில் மேக்கப் டெஸ்ட் எடுத்தார்கள். மாஸ்டர் அன்று நெடுநேரம் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலையைத் தொடங்கினார். நிறத்தை இரண்டு படி இறக்கினார். கன்னத்தைக் குழி விழ வைத்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், உதட்டில் வெடிப்பு. நான் முன்முடியில் நரை ஏற்றினேன். எங்கள் கண்ணுக்கு நல்ல வேலைதான். அக்கா எழுந்து வெளியே வந்ததும் லைட் பையன்களிலிருந்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிண்டலாக இல்லை, பாசத்தோடுதான். அக்கா கிழவி வேஷம் போட்டுக்கொண்டு யாரையோ ஏமாற்றப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் அக்காவைத் திரும்ப உட்கார வைத்தார். கருவளையத்தை எடுத்தார். காட்டினார், சிரித்தார்கள். கன்னக் குழியை எடுத்தார். நரையை எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கழுவித் துண்டால் துடைத்த முகம் மட்டும் மிஞ்சியது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. மாஸ்டர் பெட்டியை மூடினார். சத்தமாகவா, மெதுவாகவா என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. முடிக்கும் எனக்கு வேலையில்லை. அக்கா தானே கையால் கோதி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கதை தறிக்காரர்கள் கதை என்பதால் படப்பிடிப்பு எங்கள் ஊரில் நடந்தது. வேலைக்காக நான் சொந்த ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. டைரக்டர் பின்னால் டப்பிங் பேசுவதை விரும்பாதவர். நடிக்கும்போது பேசுவதையே பதிவு செய்ய வேண்டும் என்பார். சங்கரன்கோவிலில் அது லேசான காரியமா? எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் காதை அடைக்கும். மற்ற காட்சிகளைக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வயல்வெளியிலும் வீட்டுக்குள்ளும் எடுத்தார்கள். ஆனால் முக்கியமான காட்சி, முதலாளி வீட்டு வாசலில் வந்து அந்தப் பெண் கேட்கிற காட்சி, தெருவில்தான் எடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாளில் தறி ஓடாது. அன்றைக்கு எடுப்பது என்று முடிவானது.

தறி ஓடாவிட்டால் தறிக்காரர்களுக்கு வேலை கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. காலையிலேயே மொத்தத் தெருவும் வந்து நின்றுவிட்டது. மாடியில் ஆள், மதில் மேல் ஆள். எல்லாரும் தாளிப்புத் தங்கத்தைப் பார்க்க வந்தவர்கள்.

முகத்தை எவ்வளவு கழுவினாலும் நடை மாறாதல்லவா. தெரு முனையில் அக்கா திரும்பியதுமே, நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏலே, தாளிப்பு அக்கா வாராவ" என்று ஒரு குரல். தெரு முழுக்கச் சிரிப்பு. "அக்கா, ஒரு தும்மல் போடுங்க" என்று மாடியிலிருந்து கேட்டார்கள். கட் சொன்னார்கள். தயாரிப்பாளரின் மானேஜர் மைக்கில் கெஞ்சினார். அடுத்த தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

அக்காவே ஒரு யோசனை சொன்னார். "அவங்க கேக்கதைக் குடுத்திருவோம் தம்பி. பசி அடங்கினா சும்மா இருப்பாங்க." தெரு நடுவில் போய் நின்று, மூக்கை விடைத்து, கண்ணை மேலே செருகி, மொத்தக் கூட்டத்தையும் காக்க வைத்துத் தும்மினார். என்ன கைதட்டல், என்ன விசில். "போதும்லா மக்கா, இனி சும்மா நிக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. அடுத்த ஷாட்டில் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நன்றாகச் சூடேறிவிட்டது.

மானேஜர் டைரக்டரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். தனியாக என்றாலும் எங்களுக்குக் கேட்டது. "இதுக்குத்தான் சார் அன்னைக்கே சொன்னோம். இந்தத் தெருவே இப்படிச் சிரிக்குது, தமிழ்நாடு பூரா சிரிக்காதா? அந்தம்மாவுக்குப் போன் போடுறேன். ஸ்டுடியோவில செட் போட்டு எடுத்துக்கலாம்." டைரக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவிழ்ந்த முடியைச் சரி செய்கிற சாக்கில் பின்னால் போய் நின்றேன். அழுகிறாரோ என்று பயம். அழவில்லை. தும்மலுக்கு இடம் யோசிக்கும்போது எப்படி இருப்பாரோ அப்படியே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்.

"ஏட்டி" என்றார். "நீ இந்த ஊருக்காரிதானே. ஒருத்தி புருஷனைப் பறிகுடுத்திட்டு, முதலாளி வீட்டு வாசல்ல வந்து தனியா நிக்கா. தெருவுல உள்ளவங்க என்ன செய்வாங்க?"

"வேடிக்கை பாப்பாங்க."

"சிரிக்க மாட்டாங்களா?"

"சில பேரு சிரிப்பாங்கக்கா" என்றேன்.

அக்கா எழுந்து டைரக்டரிடம் போனார். "தம்பி, அவங்களை நிறுத்தச் சொல்லாதிய. சிரிக்கட்டும். நீங்க கேமராவை மட்டும் நிறுத்தாதிய."

"சிரிப்புல டயலாக் கேக்காதும்மா."

"கேக்கும். பாப்பம்."

தெரு முனையில் அக்கா திரும்பினார். வழக்கம்போலச் சிரித்தார்கள். மானேஜர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். டைரக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா நடந்து வந்து முதலாளி வீட்டு வாசலில் நின்றார். படியில் முதலாளி வேடம் போட்ட நடிகர். அக்கா வாயைத் திறந்து, "அவுக குடிக்கல அண்ணாச்சி" என்றார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. மற்றபடி அது சிரிப்பில் முங்கிப் போனது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. நிறுத்திவிட்டார். மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி பார்த்தார். முந்தானை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு, முகத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கன்னத்தைத் துடைத்தார். மூக்கைத் துடைத்தார். கையைப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை. மறுபடி கூட்டத்தைப் பார்த்தார்.

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. அங்கிருந்து பின்னால் போய், மாடியில் நின்றது. மதில் பக்கம் ஒரே ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாகச் சிரிக்கிறோம் என்பது அவர் காதுக்கே கேட்டிருக்க வேண்டும், பாதியில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சத்தமே இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அக்கா அப்போதும் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, முன்பு சொன்ன அதே குரலில், கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"அவுக குடிக்கல அண்ணாச்சி. எல்லார் முன்னாலயும் ஒரு தடவ சொல்லுங்க. நான் போயிருதேன்."

முதலாளி வேடக்காரர் அவரைத் திட்டி விரட்ட வேண்டும். நல்ல அனுபவசாலி. வசனம் வரவில்லை அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். டைரக்டர் கட் சொல்ல ரொம்ப நேரமானது.

மாஸ்டர்தான் முதலில் ஓடினார். ஓடி நான் பார்த்ததில்லை அவரை. கையில் ஸ்பாஞ்சு. "முகத்துல என்ன ஒட்டியிருந்தது? காட்டுங்க" என்றார்.

"ஒண்ணும் ஒட்டல மாஸ்டர். எதுக்குச் சிரிக்காங்கன்னு பாத்தேன்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் அவரை நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பாஞ்சைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்று கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு வீட்டில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சாயங்காலம் வர வேண்டிய கரண்டு முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு தறி ஓடியது, அடுத்தது, அடுத்தது. கூட்டம் வேலைக்குக் கலைந்துவிட்டது. சவுண்டு பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "டயலாக்குக்கு முன்னாடி பூரா சிரிப்பு சார். தனியாப் பிரிக்க முடியாது." மானேஜர் போனைக் கையில் வைத்துக்கொண்டு டைரக்டர் முகத்தைப் பார்த்தார். டைரக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். லாட்ஜுக்குத் திரும்பியதும் அக்கா பெட்டியைக் கட்டத் தொடங்கினார். டைரக்டர் கதவருகே வந்து, "அம்மா, காலையில அடுப்படி சீன். முடியை அப்படியே வச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பெட்டியைத் திறந்து சேலையைத் திரும்பக் கொடியில் போட்டார்.

சிரிப்பை டைரக்டர் வெட்டவே இல்லை. படத்தில் அப்படியே இருந்தது.

படம் வந்தபோது நான் ஊருக்கு வந்திருந்தேன். மத்தியானக் காட்சிக்கு என் தங்கையோடு போனேன். ஆரம்பத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அக்காவைப் பார்த்த இடமெல்லாம் சிரித்தார்கள். அக்கா அரிசி களைந்தால் சிரிப்பு, கதவைத் திறந்தால் சிரிப்பு. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காட்சி வந்ததும் ஒரே ஆரவாரம், தங்கள் தெரு, தங்கள் ஆட்கள். "ஏலே அங்கன பாரு, மாடியில நம்ம முருகன்." திரையில் கூட்டம் சிரித்தது, தியேட்டரில் இவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். கேமரா கூட்டத்தின் பக்கம் இருந்ததால், தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்த மாதிரி இருந்தது. முந்தானையைப் பார்த்தார். கன்னத்தைத் துடைத்தார். கையைப் பார்த்தார்.

தியேட்டரில் சிரிப்பு அடங்கிவிட்டது. திரையில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த ஒற்றைச் சிரிப்பு மட்டும் கேட்டது. எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்த தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "அது நாந்தான்." அவர் அதற்கப்புறம் படம் முடிகிற வரை அசையவே இல்லை.

பத்திரிகைகளில் எழுதினார்கள். அக்காவின் அந்த மௌனத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். ஒரு வாழ்நாள் துயரத்தை அந்த அம்மா அந்த ஒரு நிமிஷத்தில் அடக்கி வைத்திருந்தார் என்கிற மாதிரி. பரிசு ஒன்றும் கிடைத்தது. அதற்குப் பிறகு அழுகிற அம்மா வேடங்களாக வந்தன. இரண்டு மூன்று செய்தார், அலுத்துப்போனது. "இதுலயும் எனக்கு வீடு இல்லட்டி. வருதேன், அழுதேன், போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கொண்டையைப் போட்டுக்கொண்டார். நானும் பழையபடி ஸ்பாஞ்சு உருண்டையைத் தேடி எடுத்தேன். மாஸ்டர் மட்டும் அதற்கப்புறம் அவருக்குப் புருவத்தை மேலே தூக்கி வரைவதை விட்டுவிட்டார்.

வர்ஷினி கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால், இரண்டு நாள் கழித்துச் சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை பஸ் ஏறினேன். தங்கம் அக்கா இப்போது தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது. பேச்சு தளரவில்லை. காப்பி குடித்து முடித்ததும் நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தெருவுல அம்புட்டு நேரம் பேசாம நின்னியளே. மனசுல என்ன நெனச்சிக்கிட்டு நின்னிய? அந்தப் புருஷன் செத்ததையா?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் எங்கட்டி அதையெல்லாம் நெனச்சேன்? அந்த ஒருத்தன் சிரிச்சிக்கிட்டிருந்தாம்லா, அவன் முடிக்கட்டும்னு நின்னேன். சிரிப்பு ஓடுகயில வசனம் பேசக் கூடாது. நாடகத்துல முதல்ல சொல்லிக் குடுக்கதே அதுதான். பேசினா சிரிப்பும் கெட்டுரும், வசனமும் கெட்டுரும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை பேர் எழுதினார்கள், நான் எத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். "அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்."

காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதே சுருக்கம் புருவத்தில்.

"இல்ல, இரு. அவன் முடிச்சதுக்கு அப்புறமும் நான் பேசலலா?"

"ஆமா. ரொம்ப நேரம் பேசல."

"வசனம் மறக்கல. வாயில நிக்கி. ஆனா அவங்க எல்லாரும் சிரிப்பை விட்டுட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்காங்க. என்னைய யாரும் அப்படிப் பாத்ததில்லட்டி. எனக்குப் பேசவே தோணல." கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எதுக்குன்னு நான் இன்னைக்கு வரைக்கும் யோசிக்கல பாரு. நீ கேட்டதும்தான் தோணுது."

"எதுக்கா இருக்கும்க்கா?"

"தெரியலயே" என்றார் அக்கா. "நீ போயிட்டு வா. தெரிஞ்சா சொல்லுதேன்."